நாலு வீட்டு லைன்

மழைக்காலத்தில் எங்கள் வீட்டு போனை எடுத்தால் முதலில் கடல் கேட்கும். கடல் என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். கேபிளுக்குள் தண்ணீர் புகுந்த இரைச்சல் அது. ரிசீவரைக் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால், அந்த இரைச்சலுக்குள்ளிருந்து யாரோ பேசுவது மெல்ல மேலே வரும். ஒரு குரல் லாரி எங்கே நிற்கிறது என்று விசாரிக்கும். இன்னொரு குரல் வஞ்சிரம் என்ன விலைக்குப் போயிற்று என்று சொல்லும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகுகிற நேரத்தில் எனக்கு அது பிடித்திருந்தது. யார் பேசுகிறார்கள், யாரிடம் பேசுகிறார்கள் என்பதெல்லாம் கரைந்துபோய், தெருவே தூக்கத்தில் முணுமுணுப்பது மாதிரி இருக்கும்.

திருவொற்றியூரில், கடலுக்கும் கன்டெய்னர் லாரிகள் ஓடுகிற ரோட்டுக்கும் நடுவில் எங்கள் தெரு. தொண்ணூறுகளின் கடைசி அது. தெருவில் நாலே வீட்டில்தான் போன் இருந்தது. எங்கள் வீடு, லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர் வீடு, பழைய இரும்புக் கடை பாய் வீடு, மீன் ஏலம் எடுக்கிற அம்மா வீடு. நாலு வீட்டு ஒயரும் தெருமுனையில் நின்ற ஒரே இரும்புப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தன. பெட்டியின் கதவு உப்புக் காற்றில் இற்றுப்போய் ஒரு பக்கமாகத் தொங்கும்.

அதற்கு முந்தைய வருஷம்தான் புது எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சைத் திறந்திருந்தார்கள். பந்தல் போட்டு, சீரியல் லைட் கட்டி, எல்லோருக்கும் புது நம்பர் கொடுத்தார்கள். இனிமேல் போனில் பேசினால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும் என்று மைக்கில் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை. நாலு வீட்டுக்காரர்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரியேதான் இருந்தது. ஒரு வீட்டுக்கு போன் வந்தால் மற்ற மூன்று வீட்டிலும் ஒரு சின்ன டிங் கேட்கும். நமக்குத்தானோ என்று எடுத்தால் அடுத்தவர் குடும்பக் கதை ஓடிக்கொண்டிருக்கும்.

புகார் சொல்லக் கூப்பிட்டால் மனிதர்கள் எடுக்க மாட்டார்கள். பதிவு செய்த ஒரு பெண் குரல், உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது என்று சொல்லும். மறுநாள் அதே குரல் தானாகவே கூப்பிட்டு, உங்கள் புகார் சரி செய்யப்பட்டது என்று சொல்லும். பெட்டிப் பக்கம் ஒரு ஈ காக்கை வந்திருக்காது. முகம் தெரியாத அந்தப் பெண்மீது எனக்கு இருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஒருநாள் வேறு வேலையாக வந்த லைன்மேனை வழியிலேயே மடக்கிக் கேட்டேன். அவர் பெட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"கம்ப்யூட்டர்ல உங்க கம்ப்ளெயின்ட்டே இல்லம்மா. சரியாயிட்ச்சுனு கீது. இல்லாத கம்ப்ளெயின்ட்ட நான் இன்னான்னு வந்து பாக்குறது?"

சரி, அரசாங்கம் மூடித் தராத கதவை நாமே மூடிக்கொள்ள வேண்டியதுதான் என்று தெரு முடிவெடுத்தது. யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை, தானாக வந்த வழக்கம். போனை எடுத்து வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் உடனே வைத்துவிட வேண்டும். காதில் விழுந்துவிட்டால் விழாத மாதிரி இருக்க வேண்டும். பாய் வீட்டுப் பையன் பரீட்சையில் கோட்டைவிட்டது மூன்று வீட்டுக்கும் போனிலேயே தெரிந்துபோயிற்று. ஆனால் இரண்டு நாள் கழித்து பாய் தன் வாயால் சொன்னபோது, அடடா, அப்படியா என்று எல்லோருமே முகம் வாடினோம். அந்த நடிப்பில் எங்கள் தெருவை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

என் அக்காவின் வீட்டுக்காரர் மஸ்கட்டில் வெல்டராக இருந்தார். மாமா ஊரில் இல்லாத காலமெல்லாம் அக்கா எங்களோடுதான் இருப்பாள். அவளுக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போயிருந்தது. இரண்டாவது தடவை துக்கம் விசாரிக்க வந்தவர்கள் தங்கள் தங்கைக்கு ஆனது, நாத்தனாருக்கு ஆனது என்று வரிசையாகச் சொல்லி, போகும்போது அவள் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். அக்கா ஒரு வாரம் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தாள்.

மாமா லீவில் வந்து திரும்பிப் போன பிறகு மறுபடி நாள் தள்ளிப்போயிற்று. அம்மாவையும் என்னையும் அக்கா சமையலறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். "யாருக்கும் தெரியக் கூடாது. உள்ள அசையட்டும். அப்பால நானே வூடு வூடா போய் சொல்றேன். என் வாயால சொல்லணும்."

மாமாவுக்கு மட்டும் சொல்லியாக வேண்டும். அவர் வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் கூப்பிடுவார், அங்கே அன்றைக்கு லீவு. அந்த வாரம் மழை இல்லை. லைனில் கடல் இரைச்சலும் இல்லை. முந்தின நாள்தான் அந்தப் பெண் குரல், புகார் சரி செய்யப்பட்டது என்று சொல்லியிருந்தது. அக்கா அதை நம்பினாள். அப்படியும் பேசுவதற்கு முன்னால், லைனில் யாராவது இருக்கிறீர்களா என்று ஒருமுறை கேட்டாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு அவள் பேசினாள். நான் ஜன்னலோரம் படுத்திருந்தேன். ஜன்னல் கட்டையில் எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் மெல்லிசாகப் படிந்திருந்தது. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். மாமா என்ன சொன்னாரோ, ரொம்ப நேரம் 'ம்' மட்டும் கொட்டிக்கொண்டிருந்தாள். அந்த 'ம்'மைக் கேட்டபடியே நான் தூங்கிப்போனேன்.

அதற்கடுத்த வாரம் தண்ணி லாரி வந்தபோது, அக்கா குடத்தை இடுப்பில் வைப்பதற்குள் மீன் ஏலத்து அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். வரிசையில் ஒருவர் முந்தினாலே குடத்தால் இடிக்கிற பெண்மணி அவர். பாய் வீட்டிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் ஒரு கிண்ணம் ஆட்டுக்கால் பாயா வந்தது. லாரி வீட்டு அத்தை மாங்காய் சீசனே இல்லாத மாதத்தில் எங்கிருந்தோ மாங்காய் கொண்டுவந்து, சும்மா கிடைத்தது என்று வைத்துவிட்டுப் போனார். அக்காவுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எல்லோரும் எவ்வளவு நல்லவர்களாகிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு, அரைத் தூக்கத்தில் நடப்பவள் மாதிரி வீட்டுக்குள் வளைய வந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

எனக்கு உறைத்தது. நேராக லாரி வீட்டு அத்தையிடம் போய் மூச்சுவிடாமல் சண்டை போட்டேன். அடுத்தவர் ரகசியத்தை ஒட்டுக் கேட்க வெட்கமாக இல்லையா என்றெல்லாம் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"எங்க வூட்டுக்காரரு போனுனு எடுத்துட்டேன்டி. வெச்சா டொக்குனு சத்தம் கேக்கும், அவ பயந்து பேச்ச நிறுத்திடுவா. அதான் மூச்சுகூட வுடாம நின்னுகினு இருந்தேன். பாய் வூட்டம்மாவும் அப்டித்தான் நின்னாங்க, ஏலக்காரியும் அப்டித்தான். அவங்க மூச்சு லேசா எனக்கே கேட்டுச்சு."

மூன்று வீட்டில் மூன்று பெண்கள், ரிசீவரைக் கீழே வைக்கவும் முடியாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த மத்தியானம் முழுக்க நின்றிருக்கிறார்கள். அவர்கள்மேல் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்தச் செய்தி அவர்களுடையது இல்லையே என்கிற ஆற்றாமையும் போகவில்லை. தெரிந்தது தெரியாமலே இருக்கட்டும், அவள் வந்து சொல்கிற அன்றைக்கு முதல் தடவையாகக் கேட்கிற மாதிரி கேளுங்கள் என்று அவரிடமும், மற்ற இரண்டு வீட்டுக்கும் போயும் கெஞ்சினேன். மூன்று பேரும் சத்தியம் செய்து கொடுத்தார்கள்.

சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார்கள். பொங்கல் முடிந்த வாரம் உள்ளே அசைந்தது. அக்கா குளித்து, கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, எவர்சில்வர் தட்டில் கல்கண்டு எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன். லாரி வீட்டு அத்தை கன்னத்தில் கை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார், கண்ணில் நிஜமாகவே தண்ணீர். பாய் வீட்டு அம்மா அல்லாவுக்கு நன்றி சொல்லி, அக்காவின் முகத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் நெட்டி முறித்தார். ஏலத்து அம்மா கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று ரோடு வரைக்கும் கேட்கிற குரலில் கோபித்துக்கொண்டார். எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. ஒருவர் முகத்திலும் ஒரு சின்னப் பிசகு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு, புடவையைக்கூட மாற்றாமல் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சந்தோஷக் களைப்பு என்றுதான் நினைத்தேன். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள், ஆடை படிகிற வரைக்கும் அக்கா அதைத் தொடவில்லை.

"எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கு," என்றாள்.

யாராவது உளறினார்களா என்று கேட்டேன்.

"ஒருத்தரும் ஒளறல. ஆனா ஒரு வூட்லகூட, எத்தினி மாசம்னு கேக்கல."

அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. யாராக இருந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். மூன்று பேருக்கும் அது கேட்கத் தோன்றவேயில்லை, மாதாமாதம் அவர்களும் எண்ணிக்கொண்டு வந்தவர்கள்தானே. பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு அக்கா மூன்று வாசல் ஏறி இறங்கியிருக்கிறாள்.

அவளை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, எத்தினி மாசம்க்கா என்று கேட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். "உனக்குத்தான் தெரியுமே," என்றாள்.