காக்கை இல்லாத படம்

சிதம்பரம் தெற்கு வீதியில் சகாயநாதன் ஸ்டுடியோ வைத்திருந்த காலத்தில், அம்மைத் தழும்பு விழுந்த பெண்களின் தகப்பனார்கள் சாமியை நம்பியதைவிட அவருடைய பென்சிலைத்தான் அதிகமாக நம்பினார்கள். நெகடிவைச் சாய்வான கண்ணாடியில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் வரச் செய்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போவார். நெகடிவில் பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுத்துவிடும். தழும்பு போகும், கண்ணுக்குக் கீழே இருக்கிற கருப்பு போகும், அழுத அடையாளம்கூடப் போகும். மாப்பிள்ளை வீட்டார் படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, பெண்ணை நேரில் பார்க்கும்போது திருதிருவென்று விழிப்பார்கள். "அழிக்கிறது என் வேல. பொண்ணு பாக்குறது அவுங்க வேல" என்று சொல்லிவிட்டு சகாயநாதன் அடுத்த நெகடிவை எடுப்பார்.

அவருக்குச் சொந்த ஊர் கடலூர் பழைய டவுன். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாதவர், கடன் வாங்காதவர், நண்டுக் குழம்பு என்றால் எந்த வேலையையும் போட்டுவிட்டு வருகிறவர். மனைவி ஜெயமேரி அவரைப் பற்றிச் சொல்லும் ஒரே குறை, எங்கே போனாலும் அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது என்று பறப்பார் என்பதுதான். அந்தப் பறப்பு இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அறுபத்து மூன்றாம் வருஷம், மழை ஓய்ந்த சமயம். கிள்ளையில் ஒரு வீட்டில் சீமந்தப் படம் எடுக்கப் போனார். வேலை சீக்கிரம் முடிந்தது. சாயந்திரம் புவனகிரியில் மாப்பிள்ளை அழைப்பு. அதற்குள் கொஞ்சம் நேரம் கிடந்தது. "சும்மா இருக்குற நேரத்துல தில்லைக் காட்டுக்குள்ள போயிட்டு வாங்களேன்" என்று வீட்டுக்காரர்கள் ஆண்டியின் தோணியில் ஏற்றிவிட்டார்கள். ஆண்டி அந்தச் சதுப்புக் காட்டில் நண்டும் இறாலும் பிடித்துப் பிழைக்கிறவன். கழியை ஊன்றித் தள்ளினால் தோணி போகிற சத்தமே கேட்காது.

சுரபுன்னை மரங்கள் வேரைத் தண்ணீருக்குள் விட்டு நிற்க, ஓடைக்குள் ஓடையாகப் போய், கடைசியில் கொக்கோடை என்று ஆண்டி சொன்ன இடத்துக்கு வந்தார்கள். மரமெல்லாம் கூடு. கூட்டுக்குக் கூடு வெள்ளை வெள்ளையாகப் பறவை. எதையும் விலை போட்டுப் பார்க்கிற சகாயநாதன்கூட விலை போட மறந்துபோனார். அந்த இடத்துக்கு வெளியாட்கள் யாரும் வருவதில்லை என்பது பறவைகள் அவரைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

ஆனால் காமிராக்காரன் கண் சும்மா இருக்காது. உட்கார்ந்திருக்கிற பறவை படத்தில் காயப்போட்ட வேட்டி மாதிரி விழும். பறந்தால்தான் படம்.

"செத்த இருங்க சார். வெயில் தாழ்ந்தா தானா எழும்பும்" என்றான் ஆண்டி.

"அதுக்கெல்லாம் நேரம் இல்லப்பா. புவனகிரி போவணும்."

காமிராவைக் கழுத்தில் தொங்கவிட்டு, இரண்டு கையையும் ஓங்கித் தட்டினார். காடே எழுந்தது. அவர் காமிராவைப் பிடித்து, குனிந்து, ஒரே ஒரு படம் எடுத்தார். ஒன்றே போதும் என்று அந்தக் கணமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அதே இரவு இருட்டறையில் பிலிமைக் கழுவி, மறுநாள் பெரிதாக்கிப் பார்த்தார். வானம் முழுக்க இறக்கை. அப்படி ஒரு படத்தை அவர் எடுத்ததும் இல்லை, பார்த்ததும் இல்லை. கீழ்மூலையில் மட்டும் ஒரு கருப்பு. என்ன அது என்று லென்சை வைத்துப் பார்த்தார். தாய் எழும்பிப் போன கூட்டின் விளிம்பில் ஒரு காக்கை நின்றது. அதன் அலகில் இறகு முளைக்காத குஞ்சு தொங்கியது.

தான் கை தட்டியதால் வந்த காக்கை அது என்பது யாரும் சொல்லாமலே அவருக்குப் புரிந்தது. புரிந்தும், கை பென்சிலைத் தேடிப் போனது. மணப்பெண் முகத்தில் தழும்பைத் தொடுகிற அதே கை, அதே பொறுமையோடு காக்கையைத் தொட்டது, குஞ்சைத் தொட்டது. மறுபடி அச்சிட்டபோது அந்த மூலையில் வெறும் வானம்தான் இருந்தது.

ஸ்டுடியோ வாசல் கண்ணாடிக்குள், ஒரு கல்யாண ஜோடிக்கும் ஒரு குழந்தைக்கும் நடுவில் அந்தப் படம் ஏறியது. தேர் பார்க்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். யுனிவர்சிட்டிப் பையன்கள் கூட்டமாக வந்தார்கள். "இது எங்க சார் இருக்கு?" என்று எல்லாரும் கேட்டார்கள். சகாயநாதன் பெருமையாக வழி சொன்னார். "கிள்ளைக்குப் போங்க. ஆண்டின்னு கேளுங்க. கொக்கோடைன்னு சொல்லுங்க."

போனார்கள். போனவர்கள் படத்தில் பார்த்ததைத்தானே கேட்பார்கள்? பறவை பறக்க வேண்டும். கை தட்டினார்கள், தோணிப் பலகையில் அடித்தார்கள், சிலர் தகர டப்பாவே கொண்டுபோனார்கள். ஆண்டி முதலில் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். தட்டாத ஆட்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார்கள், தட்டியவர்கள் இன்னும் நாலு பேரை அனுப்பிவைத்தார்கள். பிறகு அவனும் வாய் திறக்கவில்லை. அவன் குடிசைக்குப் புதுக் கீற்று வந்தது, மகள் காதில் தோடு ஏறியது. எல்லாம் சகாயநாதன் சார் புண்ணியம் என்று அவ்வப்போது ஒரு ஓலைக்கூடை நிறைய நண்டு கொண்டுவந்து ஸ்டுடியோப் படியில் வைத்துவிட்டுப் போவான்.

இரண்டு வருஷம் கழித்து, கடலூரிலிருந்து வந்த மைத்துனர் குடும்பத்தை அழைத்துக்கொண்டு சகாயநாதன் மறுபடி அங்கே போனார். முன்வரிசை மரங்கள் மொட்டையாக இருந்தன. பறவைகள் உள்ளே தள்ளிப் போயிருந்தன. அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். தோணி ஓடைக்குள் நுழைந்ததும் காக்கைகள் கூட்டமாக வந்து கூடுகளுக்குப் பக்கத்துக் கிளைகளில் உட்கார்ந்தன. யாரும் இன்னும் கை தட்டவில்லை. தோணி வந்தால் பந்தி உண்டு என்று அவை கற்றுக்கொண்டிருந்தன.

அன்றிலிருந்து நண்டு அவருக்கு இறங்கவில்லை.

"நண்டுன்னா உசுர விடுவீங்க. இப்ப என்ன வந்துச்சி?" என்று கேட்டாள் ஜெயமேரி.

"புளி ஜாஸ்தி" என்றார்.

ஈஸ்டர் பாஸ்கா வந்தது. கோயிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிட்டு, சாமியாரிடம் கோபப்பட்டதையும் பொய் சொன்னதையும் வழக்கம்போல ஒப்பித்தார். காக்கையைச் சொல்ல வாய் வரை வந்தது. வேதத்தின் பத்துக் கட்டளைகளில் எதில் இதைச் சேர்ப்பது என்று தெரியாமல் விழுங்கிவிட்டார். கொலை என்றால் சாமியார் சிரிப்பார். பொய் என்றால் என்ன பொய் என்பார். வெளியே வந்தபோது பாவம் குறைந்த மாதிரி இல்லை, ஒன்று கூடின மாதிரிதான் இருந்தது.

அறுபத்து ஏழில் சுற்றுலா இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி ஸ்டுடியோவுக்கு வந்தார். நல்ல மனிதர், கண்ணாடிக்குள் இருந்த படத்தை வெகுநேரம் பார்த்தார். கொக்கோடை தொடங்கும் வாயிலேயே படகுத்துறை கட்டப் போகிறார்களாம், பக்கத்தில் தங்கும் விடுதி, மோட்டார் படகு.

"அந்தப் பக்கத்து ஜனங்களுக்கும் நாலு காசு பொழைப்பு வேணும் இல்லையா? எல்லாத்துக்கும் உங்க படம்தான் காரணம். இத நல்லாப் பெருசாப் போட்டுக் குடுங்க, விடுதி கூடத்துல மாட்டணும். கீழ உங்க பேர் இருக்கும்."

சகாயநாதன் தலையாட்டினார். அதிகாரி போனதும் கடைக் கதவைப் பாதி சாத்தினார். மோட்டார் படகு போனால் கை தட்டவே வேண்டாம். அந்த இரைச்சல் போதும். காக்கைகளுக்கு நாள் முழுக்கப் பந்தி. பழைய நெகடிவைத் தேடி எடுத்து, பஞ்சில் டர்பன்டைனை நனைத்து, கீழ்மூலையை மெதுவாகத் துடைத்தார். பென்சில் கரி பஞ்சோடு வந்துவிட்டது. காக்கை இருந்த இடத்திலேயே இருந்தது.

அதைத்தான் பெரிதாகப் போட்டு எடுத்துப்போனார். அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார்.

"இது என்ன கறை?"

"கறை இல்ல சார். காக்கா. அதோட வாயில இருக்கிறது குஞ்சு." கை தட்டியதையும், அழித்ததையும், தோணி வந்தால் காக்கை வருவதையும் நின்றபடியே சொல்லி முடித்தார்.

அதிகாரி அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, பாக்குறேன்" என்றார்.

சர்க்கார் காரியம் அதிசயமாக நடந்தது. படகுத்துறை ரோட்டுப் பக்கம் தள்ளிக் கட்டப்பட்டது. கூடு கட்டும் மாதங்களில் கொக்கோடைக்குள் யாரும் போகக்கூடாது என்று பலகையும் வைத்தார்கள். ஆனால் துறையில் படகு விட்டது டவுனிலிருந்து வந்த காண்ட்ராக்டர். ஆண்டியின் குடிசை இருந்தது கொக்கோடை வாயில். அங்கே இனி எந்த ஆளும் வருவதில்லை. அவன் மறுபடி சேற்றில் இறங்கி நண்டு வளைக்குள் கை விட்டான்.

பறவைக்குச் செய்த பாவத்துக்கு ஆண்டி அபராதம் கட்டுகிறான் என்பது சகாயநாதனுக்கு உறைக்காமல் இல்லை. தன் பங்குக்கு அவரால் செய்ய முடிந்தது ஒன்றுதான். வாசல் கண்ணாடிக்குள் இருந்த பழைய படத்தை எடுத்துவிட்டு, காக்கை உள்ள படத்தை மாட்டினார். ஊரே பார்க்கட்டும் என்று மாட்டினார். ஊர் கறை என்று நினைத்துக்கொண்டு கடந்துபோனது.

கிள்ளை பஸ் கண்டக்டர் மூலம் ஆண்டி சொல்லியனுப்பினான். வெள்ளிக்கிழமை வருகிறானாம். துறையில் தனக்கும் ஒரு படகு தள்ளுகிற வேலை தரச் சொல்லி, பெரிய அய்யாவிடம், அந்த அதிகாரியிடம், சார் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வது, காலில் விழவேண்டும் என்றாலும் விழுவது என்று சகாயநாதன் முடிவு செய்திருந்தார். இதையாவது செய்துவிட்டால் அன்றைக்குக் கொஞ்சம் தூக்கம் வரும் என்று எண்ணிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆண்டி வந்தான். கையில் வழக்கமான ஓலைக்கூடை. படி ஏறப்போனவன் கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டான்.

"உள்ள வா ஆண்டி" என்றார் சகாயநாதன்.

அவன் வரவில்லை. விரலைக் கண்ணாடியில் வைத்தான்.

"இந்தக் காக்கா முன்ன இதுல இல்லியே சார்."

"இருந்துச்சி. நான்தான் அழிச்சி வெச்சிருந்தேன்."

"எப்ப அழிச்சீங்க?"

"எடுத்த மறுநாளே."

ஆண்டி படத்தைப் பார்த்தபடியே இருந்தான். குரலில் கோபம் இல்லை.

"நானும் அன்னைக்கே பாத்தேன் சார். நீங்க குனிஞ்சி காமிராவுக்குள்ள பாத்துக்கிட்டு இருந்தீங்க, இத பாக்கலன்னு இருந்தேன். டவுனு மனுசன், தெரியாம தட்டிட்டாரு, சொன்னா மனசு சங்கடப்படுவாருன்னுதான் சொல்லல. இத்தினி வருசமா அப்பிடித்தான் சார் நெனைச்சிக்கிட்டு இருந்தேன்."

பெரிய அய்யாவிடம் சொல்வதற்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எதற்கும் இனி வேலை இல்லை என்று சகாயநாதனுக்குப் பட்டது.

ஆண்டி கூடையை எப்போதும் வைக்கிற படியில் வைத்தான். கேட்க வந்ததைக் கேட்கவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பஸ் நிற்கிற பக்கம் நடந்தான்.