நான் செத்த அன்று நிரம்பிய மைதானம்

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்துக்கு நான் தலைவராக வந்தது, தெரிவுக் கூட்டத்துக்குப் போகாத குற்றத்துக்காக. தலைவர் பதவி என்ற பேச்சு எழுந்ததும் வந்திருந்தவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்களாம். குனியாமல் விட்ட ஒரே தலை, அங்கே இல்லாத என் தலை. அடுத்த நாள் காலையில் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன இடத்தில் யாரோ "தலைவர்!" என்று கூப்பிட்டார்கள். அரசியல்வாதி யாரும் வந்துவிட்டாரோ என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

உதைபந்தாட்டத்தில் எனக்கிருந்த அனுபவம், மிசன் பள்ளிக்கூடத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கியது. தொழிலோ ஆயுள் காப்புறுதி முகவர். என் மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பினால் போதும், நல்ல திடகாத்திரமான மனிதர்கள் வேலிக்குள் மறைந்துவிடுவார்கள். அதிலும் ஒருவர், எங்கள் பின்வளவில் வாழை வைத்திருக்கும் பெரிய தோட்டக்காரர், பல வருடங்களாக என்னைக் கண்டால் வாழைக்குள் இறங்கிவிடுவார். ஊரே ஓடி ஒளிகிற ஒருவனைப் பிடித்து, கழகத்துக்கு ஆட்களைச் சேர்க்கச் சொன்னார்கள்.

ஆட்கள் தேவைப்பட்டது உண்மைதான். எங்கள் ஆட்டங்களைப் பார்க்க வழக்கமாக வருவது கோல்கீப்பரின் மனைவி, ஓய்வுபெற்ற தபால்காரர், மேற்கு மூலையில் கட்டியிருக்கும் ஒரு பசு. தபால்காரர் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. கதிரையில் நித்திரை கொள்வார். கோல்கீப்பரின் மனைவி புருஷனைத் திட்டுவதற்காக வருவாள். எங்கள் கழகத்தின் உண்மையான ஆதரவாளர் என்றால் அந்தப் பசுவைத்தான் சொல்லவேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் அணிக் கப்டன் என் வீட்டுக்கு வந்தான். வாழைக்குலை ஏற்றும் லொறியில் வேலை செய்கிற பெடியன். கதிரையில் இருக்காமல் வாசலிலேயே நின்றான்.

"அண்ணை, ஒண்டு சொல்லவேணும். பெடியள் பக்கத்து ஊர்க் கழகத்துக்குப் போகப் போறாங்கள்."

"ஏன்ரா? அங்கை என்ன பிரியாணியே குடுக்கிறாங்கள்?"

"சனம் வருதண்ணை. அங்கை ஒருத்தன் பந்தைத் தொட்டாலே விசில் பறக்குது. இஞ்சை கோல் அடிச்சிட்டுத் திரும்பிப் பாத்தா மாடு நிக்குது. அதுவும் புல்லுக்குத்தான் நிக்குது."

"எல்லாரும் போறாங்களோ?"

"நான் மட்டும் நிண்டு என்ன செய்ய? கழகத்தை மூடவேண்டியதுதான். இந்த ஞாயிறு முதற்சுற்றின்ரை இறுதி ஆட்டம். வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெடியள் வாறாங்கள். அதையும் மாட்டுக்குத்தான் ஆடிக் காட்டப் போறம். அதோடை சரி."

நிதானமான ஒரு மனிதன் இந்த இடத்தில் "பாப்பம் தம்பி" என்று சொல்லியிருப்பான். எனக்குப் பதற்றம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். "ஞாயிற்றுக்கிழமை மைதானத்திலை கால் வைக்க இடமிராது. நிரப்பிக் காட்டுறன். பாத்திட்டுப் பேந்து முடிவெடுங்கோ" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். உள்ளேயிருந்து என் மனைவியும் எட்டிப் பார்த்தாள். ஆரைக் கொண்டுவந்து நிரப்பப் போறார் என்பது போன்ற பார்வை.

அன்றிரவே முகநூலில் ஒரு அறிவித்தல் போட்டேன். விடிவதற்குள் விருப்பங்கள் குவிந்துவிட்டன. துள்ளிக் குதித்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் ரொறன்ரோ, பாரிஸ், லண்டன். "வாழ்த்துக்கள் மச்சான், கலக்குங்கோ" என்று நோர்வேயிலிருந்து ஒருவன். எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒருவரும் இல்லை. மைதானம் நிரம்பியதுதான். ஆனால் கனடாவில்.

சனிக்கிழமை முழுவதும் வீடு வீடாகப் போனேன். என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் ஊர் வெறிச்சோடியது. நான் காப்புறுதிக்கு வரவில்லை என்று கத்திக்கொண்டே போனேன். அதைத்தான் எல்லாக் காப்புறுதி முகவர்களும் சொல்வார்கள்.

கடைசியில் ஓட்டோ ஒன்றுதான் மிஞ்சியது. எங்கள் பக்கத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ தெருவில் மெல்ல ஊர்ந்து வந்தால், பெரும்பாலும் யாரோ கண்ணை மூடிவிட்டார் என்று பொருள். அந்த ஓட்டோக்காரர் இந்தத் தொழிலில் பழுத்தவர். அவருடைய குரலுக்கே ஒரு ஈரம் உண்டு. கலியாண வீட்டில் அவர் "சாப்பிட வாருங்கோ" என்று கூப்பிட்டு, ஒரு பெண்பிள்ளை விம்மி அழுததை நானே பார்த்திருக்கிறேன்.

"அண்ணை, நீங்கள் ஓடுங்கோ. மைக்கிலை நான் கதைக்கிறன். உங்கடை குரல் வேண்டாம், சந்தோசமாச் சொல்லவேணும்" என்றேன்.

"உங்கடை விருப்பம். ஆனா மைக் லேசான சாமான் இல்லை, தம்பி."

ஞாயிறு காலைத் தேவாலயம் முடிந்த கையோடு ஏறி உட்கார்ந்தேன். சொல்லவேண்டியதை வடிவாக எழுதி வைத்திருந்தேன். முதல் ஒழுங்கையிலேயே காற்று வந்து தாளைப் பிடுங்கிக்கொண்டு போய் யாரோ வீட்டு வெங்காயப் பாத்திக்குள் போட்டது. மைக் திறந்திருக்கிறது. ஓட்டோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஏதாவது சொல்லியாக வேண்டும். அந்த நேரம் மூளை கைவிட்டாலும் வாய் கைவிடவில்லை. பிறந்ததிலிருந்து காதில் விழுந்து விழுந்து தடம் பதிந்த பாதையில் அது தானாகவே நடக்கத் தொடங்கியது.

"எமது ஊரைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட, எமது விளையாட்டுக் கழகத் தலைவர் அவர்களின் தலைமையில்... இறுதி... இறுதி ஆட்டம், இன்று பிற்பகல் நான்கு மணிக்கு எமது மைதானத்தில் நடைபெறும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கின்றோம்."

ஒருமுறை வாய் திறந்துவிட்டால் பிறகு அதுவே பாடமாகிவிடும். ஒழுங்கைக்கு ஒழுங்கை அதையே சொன்னேன். ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னை இரண்டு மூன்று முறை பார்த்தார். ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனை மதிக்கிற பார்வை என்று நினைத்துக்கொண்டேன். நான் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் அவர் பழக்கதோஷத்தில் சோக வாத்தியத்தையும் போட்டுவிட்டார்.

பலன் உடனே தெரிந்தது. பெண்கள் படலைக்கு வந்து கன்னத்தில் கை வைத்து நின்றார்கள். சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்றார்கள். என் குரலுக்கு ஊர் வெளியே வந்தது அன்றுதான் முதல்தடவை. எனக்குப் புல்லரித்தது.

நான் யோசிக்காத ஒன்று உண்டு. ஓட்டோ ஓடிக்கொண்டேயிருக்கும், எந்த வீட்டுக்கும் முழு வசனம் போய்ச் சேராது. ஒரு வீட்டில் "கழகத் தலைவர் அவர்களின்" என்பது கேட்டது. அடுத்த வீட்டில் "இறுதி". அதற்கடுத்த வீட்டில் "பிற்பகல் நான்கு மணிக்கு". உற்றார் உறவினர் மட்டும் எல்லா வீட்டுக்கும் கேட்டது. ஊர்ச்சனம் வேலிக்கு மேலால் தங்கள் தங்கள் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தது.

மத்தியானம் தாண்டி நான் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி தொலைபேசியில் வந்தாள்.

"இஞ்சருங்கோ, எங்கை நிக்கிறியள்?"

"மைதானத்திலை. ஏன்?"

"கெதியா வாங்கோ. வீடு நிறையச் சனம். நீங்கள் செத்துப் போனியளாம்."

"ஆர் சொன்னது?"

"நீங்கள்தானாம் சொன்னது! ஓட்டோவிலை. உங்கடை குரல் மாதிரிக் கிடந்துதாம். உங்கடை தமையன்காரன் நெஞ்சடைச்சு அழுதழுது சொல்லுறான் எண்டு நினைச்சிட்டினம். தெல்லிப்பழையிலையிருந்து என்ரை தம்பி வந்து வாசலிலை நிண்டு குழறுறான். போதகரும் வேதப்புத்தகத்தோடை வந்திட்டார். கதிரைக்காரன் ரக்ரரிலை கதிரை கொண்டந்து இறக்குறான்."

நான் அழவில்லை. பதற்றத்தில் நடுங்கியிருக்கிறேன். ஆனால் ஒலிபெருக்கிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஒரு பக்கம் செத்தவீடு, மறுபக்கம் நான்கு மணிக்கு ஆட்டம்.

"அவையிட்டைச் சொல்லும்... எல்லாரையும் மைதானத்துக்கு வரச்சொல்லும். கதிரையையும் ஏத்தி விடும்."

"மைதானத்துக்கோ? சுடலைக்கு எண்டாலும் ஒரு நியாயமிருக்கு!" என்று தொலைபேசியை வைத்தாள். நான் உயிரோடு இருப்பதாக அவள் சொன்னதை, துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று தள்ளிவிட்டு, இறுதிச் சடங்கு மைதானத்தில்தான் என்று சனம் கிளம்பியதாம்.

அதற்குள் வட்டுக்கோட்டைப் பக்கத்து அணி வந்து இறங்கிவிட்டது. சந்தியில் விசயம் கேள்விப்பட்டு, எல்லோரும் கையில் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். அவர்களுடைய பொறுப்பாளர் நேரே என்னிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஆழ்ந்த அனுதாபங்கள். நல்ல மனுசனாம். எப்பிடிப் போனவர்?"

செத்தது நான்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "திடீரெண்டு" என்றேன்.

நடுவர் இரண்டு அணிகளையும் வரிசையாக நிறுத்தினார். விசில் ஊதினார். மௌன அஞ்சலி. எனக்காகத் தலைகுனிந்து நின்றவர்களில் நானும் ஒருவன். எங்கள் பெடியள் ஒருவரும் என் பக்கம் பார்க்கவில்லை, பார்த்தால் சிரித்துவிடுவார்கள். கோல்கீப்பரின் தோள்கள் மட்டும் குலுங்கின. எதிரணிக்காரர்கள் அதைக் கண்டு மேலும் உருகினார்கள்.

அந்த அமைதிக்குள்தான் ரக்ரர் கடகடவென்று வந்து நின்றது. பெட்டி நிறையக் கதிரைகள். பின்னால் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சீலையுமாக ஊரே நடந்து வந்தது. முன்வரிசையில் பக்கத்து வீட்டு மாமி.

"ஐயோ! செத்தவன் அங்கை நிக்கிறான்!"

மௌன அஞ்சலி அதோடு முடிந்தது. எங்கள் பெடியள் புல்லில் விழுந்து உருண்டார்கள். அதுவரை என் கையைப் பிடித்தபடியே நின்ற எதிரணிப் பொறுப்பாளர் அதை, சூடு பட்டதுபோல விட்டார். மாமி என்னிடம் வந்து என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"உயிரோடை நிக்கிறாய். நல்லது. ஆனா நான் அடுப்பிலை இருந்த கறியை இறக்கி வைச்சிட்டெல்லோ வந்தனான்!"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மாமி."

"பேந்தென்ன, உன்ரை செத்தவீட்டுக்கு நான் ஒருக்கால் வந்திட்டன். இனி வரமாட்டன்."

என் மைத்துனன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, பிறகு தலையில் ஒரு குட்டும் போட்டான். போதகர் வேதப்புத்தகத்தைக் கக்கத்துக்குள் மாற்றிக்கொண்டு, "உயிர்த்தெழுதல் எண்டு பிரசங்கம் பண்ணியிருக்கிறன். கண்ணாலை காணுறது இதுதான் முதல்தரம்" என்றார். கூட்டத்தின் பின்வரிசையில் பெரிய தோட்டக்காரர். இனி என்னிடம் வந்தால் ஆபத்தில்லை என்று நம்பி, பல வருடங்களுக்குப் பிறகு என் முன்னால் வந்தவர். என்னைக் கண்டதும் ஒளிக்க இடம் தேடினார். மைதானத்தில் வேலியுமில்லை, வாழையுமில்லை. பாவம், பசுவுக்குப் பின்னால் போய் நின்றார்.

கதிரைகள் இறக்கியாகிவிட்டது. வெயிலில் நடந்து வந்த கால்கள். எங்கள் சனத்துக்குக் கதிரையைக் கண்டால் இருக்கத்தான் வரும். இருந்தார்கள். இருந்த பிறகு முன்னால் நடப்பதைப் பார்க்காமல் என்ன செய்வது?

முதலில் செத்தவீட்டுப் பழக்கத்தில் மெல்லிய குரலில்தான் கதைத்தார்கள். பிறகு மாமி, "உவன் கையாலை பிடிச்சிட்டான்! நடுவருக்குக் கண் தெரியாதோ?" என்று எழுந்து கத்தினார்.

"மாமி, அவன் கோல்கீப்பர். அவன் பிடிக்கலாம்."

"எங்கடை பெடியன் பிடிச்சாப் பரவாயில்லை. அவங்கடையவன் ஏன் பிடிக்கிறான்?"

இந்த நியாயம் சபைக்குப் பிடித்துவிட்டது. அதன்பிறகு எதிரணிக் கோல்கீப்பர் பந்தைப் பிடிக்கும்போதெல்லாம் ஊரே எழுந்து நின்று கண்டித்தது. எங்கள் கப்டன் ஒரு கோல் அடித்தான். வழக்கம்போல மேற்கு மூலையில் பசுவைப் பார்க்கத் திரும்பினான். வெள்ளைச் சால்வைகள் காற்றில் சுழன்றன. பெடியன் ஓடுவதை மறந்து அப்படியே நின்றுவிட்டான். பசுவுக்குப் பின்னால் இருந்தவரும் இரண்டு கைகளையும் தூக்கி நின்றார்.

ஆனாலும் தோற்றோம். கடைசி நேரத்தில் எங்களுக்கு எதிராக ஒரு தண்ட உதை. சரியான தீர்ப்புத்தான் என்பது என் தனிப்பட்ட கருத்து. அதை அன்று வெளியே சொல்லியிருந்தால் இரண்டாம் தரமும் செத்திருப்பேன். நடுவரை ஆளுக்கு ஆள் சூழ்ந்துகொண்டு விளக்கம் கேட்டார்கள். தபால்காரர்கூட நித்திரையால் எழும்பி, "அது தண்ட உதையே இல்லை" என்றார்.

ஆட்டம் முடிந்து சனம் கலையத் தொடங்கியது. இவ்வளவு சனமும் எனக்காக வந்தது; ஆட்டத்துக்காக இல்லை. கப்டனும் அதைத்தான் யோசித்தானோ என்னவோ, பக்கத்தில் வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றான். எங்கள் வழக்கத்தில் செத்தவீட்டில் யாரும் விடைசொல்லிக்கொண்டு போவதில்லை. "போட்டு வாறன்" என்பது அங்கே ஆகாத சொல். மறுபடி வர விரும்புகிற வீட்டில்தான் அதைச் சொல்லலாம். முதலில் போன ஐந்தாறு பேர் ஒன்றும் சொல்லாமல், முகம் பார்க்காமல், வந்தது செத்தவீட்டுக்கே என்பது போல நடந்தார்கள். பெரிய தோட்டக்காரரும் சத்தமில்லாமல் நழுவினார்.

கப்டன் என்னைப் பார்த்தான். நான் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தேன்.

மாமி கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். சீலைத் தலைப்பை உதறினார். சிறிது தூரம் போனவர் நின்று திரும்பினார்.

"தம்பி, அடுத்த ஆட்டம் எப்ப?"

"வாற ஞாயிறு, மாமி. இரண்டாம் சுற்றுத் தொடங்குது."

"ஓ, அப்ப நீ செத்து எட்டாம் நாள், உன்ரை எட்டுச்செலவோடை வருது."

"மாமி, நாங்கள் வேதக்காரர். எங்களுக்கு எட்டுச்செலவு இல்லை."

"உனக்கு இல்லாட்டிக் கிடக்கட்டும். கழகம் சைவந்தானே!" என்றவர், அந்த நடுவர் இன்னொருமுறை வந்தால் தனக்குச் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டு, உரக்கச் சொன்னார்: "சரி, போட்டு வாறன்."

அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் நாக்கு வந்துவிட்டது. "போட்டு வாறம், தலைவர்." "வாறம், அண்ணை." "உந்தத் தண்ட உதைக்கு ஒரு முடிவு காணவேணும், வாறன்." ஒழுங்கைக்குள் இறங்கிவிட்ட தோட்டக்காரரும் வேலிக்கு மேலால் கையைத் தூக்கிக் காட்டினார், என்ன துணிச்சலில் என்று தெரியவில்லை.

கப்டன், பெடியள் குந்தியிருந்த பக்கம் பார்த்துக் கத்தினான்.

"டேய், வலையைக் கழட்டாதையுங்கோ. வாற ஞாயிறும் வேணும்."

நான் பகிடியாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் ஓட்டோக்காரர் தன் வண்டியை மைதான ஓரத்தில் மெல்ல நிறுத்தி, தலையை வெளியே நீட்டினார். முகத்தில் பழைய ஈரம்.

"தம்பி, வாற கிழமைக்கும் ஓடவேணுமெல்லே. எழுதி வைக்கவேணும். இந்தமுறை ஆரின்ரை பேரைச் சொல்லுறது?"