ஹனிபா நானாவிடம் கேட்கக் கூடாத பதினேழு கேள்விகள்

1. முதல் நாள்

கொழும்பில் ஒன்றரை வருடம் சிஸ்டம் அனலிசிஸ் படித்துவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பியபோது என்னிடம் இரண்டு சொத்துக்கள் இருந்தன. ஒன்று சான்றிதழ். மற்றது பதினேழு கேள்விகள் கொண்ட ஒரு படிவம். சான்றிதழை யாரும் பார்க்கவில்லை. படிவத்தை எல்லோரும் பார்த்தார்கள். அதுதான் வினை.

எனக்கு வேலை கொடுத்தது துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு எஞ்சின் கம்பனி. படகு எஞ்சின்களையும் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சின்களையும் திருத்துவார்கள், உதிரிப்பாகம் கொடுப்பார்கள். உதிரிப்பாகங்கள் இருந்த ஸ்டோர்ஸ் முழுவதும் கிண்ணியாவைச் சேர்ந்த ஹனிபா நானாவின் பொறுப்பில் இருந்தது. நானா என்றால் அவர்கள் ஊரில் அண்ணன். இருபத்திரண்டு வருடமாக அவர்தான் ஸ்டோர் கீப்பர். ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் அட்டை வைத்திருந்தார். அந்த அட்டைகளைக் கொம்பியூட்டருக்குள் ஏற்றுவதற்காக என்னை எடுத்திருந்தார்கள்.

நாங்கள் படித்த முறை மிகவும் ஒழுங்கானது. முதலில் கேட்க வேண்டும். கேட்டதை எழுத வேண்டும். எழுதியதில் கையெழுத்து வாங்க வேண்டும். அதன்படி சிஸ்டம் கட்ட வேண்டும். கட்டியதைக் கொடுத்துவிட்டுக் கைகுலுக்க வேண்டும். ஒரு படி முடியாமல் அடுத்த படியில் கால் வைக்கக் கூடாது. நான் வகுப்பில் முதலாவதாக வந்தவள். ஒரு படியையும் தாண்டமாட்டேன்.

எழுதும் மட்டையில் படிவத்தைக் கவ்வவைத்துக்கொண்டு நானாவின் முன்னால் போய் நின்றேன். படிவத்தின் முதல் மூன்று வரி: பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம். அதை நிரப்பிய பிறகுதான் கேள்விகள்.

"புதுச் சாமான் வந்தா என்ன செய்வீங்கள், நானா?"

"எடுத்து வெப்பன்."

"எங்க வைப்பீங்கள்?"

"உள்ளுக்கு."

"ஆரும் சாமான் கேட்டு வந்தா?"

"மனேஜர் சேர் சைன் வெச்சாக் குடுப்பன்."

"சைன் இல்லாமல் வந்தா?"

"குடுக்கமாட்டன்."

பதினேழு கேள்வியும் பதினொரு நிமிடத்தில் முடிந்தது. இவ்வளவு தெளிவான மனிதரை நான் கண்டதே இல்லை என்று மகிழ்ந்துபோனேன். மெக்கானிக்குகளும் அப்படித்தான் பதில் சொன்னார்கள். எல்லாம் சட்டப்படி நடக்கிறது, விதிவிலக்கு ஒன்றும் இல்லை. அப்படியே எழுதினேன். தொண்ணூற்று நான்கு பக்கத் தேவை அறிக்கை வந்தது. கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். ஒருவரும் முதல் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. "எங்க வைக்கிற?" என்று மட்டும் கேட்டு, வைத்துவிட்டுப் பேனையைத் திருப்பித் தந்தார்கள். என் அறிக்கையின் மேல் இவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை என்று வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னேன்.

2. நூற்றுப் பன்னிரண்டு

ஐந்து மாதத்தில் சிஸ்டம் தயார். கரண்ட் இருந்த நேரம் எல்லாம் நான் கொம்பியூட்டருக்கு முன்னால், இல்லாத நேரம் எல்லாம் அதைத் துணியால் போர்த்திவிட்டு விசிறிக்கொண்டு இருந்தேன். மனேஜர் சேருக்குப் பொறுமை இல்லை. பழைய அட்டையும் புதிய சிஸ்டமும் இரண்டு மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும் என்று கேட்டேன்.

"ஒரு வேலையை ரெண்டு தரம் செய்யிறதுக்கோ உம்மைப் படிப்பிச்சு எடுத்தது? திங்கட்கிழமை தொடக்கம் அட்டை வேண்டாம். அலுமாரியில வைச்சுப் பூட்டுங்கோ."

திங்கட்கிழமை காலையில் நானும் இரண்டு மெக்கானிக்குகளும் தட்டுத் தட்டாக எண்ணினோம். எண்ணியதையும் அட்டையில் இருந்ததையும் சிஸ்டத்துக்குக் கொடுத்தேன். பிரிண்டர் கரகரவென்று அடித்து முடித்தபோது கடைசி வரியில் ஓர் எண் இருந்தது. குறை: 112.

அட்டையின்படி நூற்றுப் பன்னிரண்டு சாமான் இருக்க வேண்டும், தட்டில் இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கணக்கெடுப்பிலும் ஒரு ஆணிகூடக் குறையாத ஸ்டோர்ஸ் அது. மனேஜர் சேர் பயந்து அன்றே கொழும்புக்கு அறிவித்தார். பின்னேரம் பதில் வந்தது. வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து வேதநாயகம் என்ற அதிகாரி வருவார். அதுவரை ஸ்டோர் கீப்பருக்குப் பணி இடைநிறுத்தம். குறைக்குக் காரணம் காட்டாவிட்டால் வேலையும் போகும், விஷயம் பொலிஸுக்கும் போகும்.

நானா சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். மனேஜர் சேரிடம் கெஞ்சவில்லை, என்னிடம் கோபிக்கவும் இல்லை. வாசலுக்கு வெளியே இருந்த கதிரையில் போய் உட்கார்ந்தார். முதல் தடவையாக நான் கட்டிய ஒன்று வேலை செய்திருக்கிறது, அது செய்த முதல் வேலை ஒரு நல்ல மனிதரை வெளியே அனுப்பியது.

"எங்க போச்சு நானா, நூற்றுப் பன்னிரண்டும்?"

"தெரியா, புள்ள."

"ஆரும் எடுத்தவையோ?"

"தெரியா."

3. சோதனைச் சாவடியில் கிடைத்த ஞானம்

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் வழக்கம்போல் என்னைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். பையில் இருந்த புளொப்பி டிஸ்க்கை சென்ட்ரி வெளியே எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். அவருடைய மற்றக் கையில் எழுதும் மட்டை. முதலில் பெயர், பிறகு அடையாள அட்டை இலக்கம், பிறகு விலாசம்.

"இது என்ன?"

"தட்டு."

"என்னத்துக்கு?"

"ஒஃபிசுக்கு."

"உள்ளுக்கு என்ன இருக்கு?"

"ஒண்டும் இல்லை."

ஐந்து மாத உழைப்பு அதற்குள் இருந்தது. ஆனாலும் அந்தக் கேள்விக்கு அதுதான் சரியான பதில். கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது, நீட்டிய கடதாசியில் படிக்காமல் கையெழுத்து வைக்க வேண்டும். போர் நடந்த அந்த வருடங்களில் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம் இது. புளொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு பத்தடி நடந்த பிறகுதான் உறைத்தது. நான் பேசியது ஹனிபா நானாவின் குரலில். இந்த மட்டையோடும் இந்த மூன்று வரியோடும்தான் நானும் அவர் முன்னால் போய் நின்றிருக்கிறேன். எங்கள் கம்பனிக்குள் நானே ஒரு சாவடி போட்டு, எல்லோரையும் மறித்து விசாரித்து, அதைத் தொண்ணூற்று நான்கு பக்கத்தில் பைண்ட் பண்ணி வைத்திருக்கிறேன்.

வகுப்பில் முதலாவதாக வந்தவளுக்கு நல்ல மரியாதை!

4. பிஸ்கட் பெட்டி மட்டை

அன்று படிவத்தையும் மட்டையையும் மேசை லாச்சிக்குள் போட்டேன். ஒரு பிஸ்கட் பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் கொம்பியூட்டர் திரை மாதிரி ஒரு சதுரம் கீறினேன். நானாவின் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்தபடி அதை நிரப்பத் தொடங்கினேன். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.

இம்பெல்லர், நாலாம் தட்டு என்று எழுதினேன். இம்பெல்லர் என்பது எஞ்சினின் தண்ணீர்ப் பம்புக்குள் சுற்றும் ரப்பர்ச் சக்கரம். நானா ஒரு தரம் பார்த்தார். கடலைப் பார்த்தார். திரும்பவும் மட்டையைப் பார்த்தார்.

"அது அங்க இல்ல."

நான் அழித்துவிட்டு மூன்றாம் தட்டு என்று எழுதினேன்.

"அட, அது இஞ்சயே இல்ல, புள்ள. சல்லியில இரிக்கு."

சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டார். ஏன் வடக்கே சல்லிக் கிராமத்தில் என்று கேட்டிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். கேட்கவில்லை. அடுத்த வரியில் வேண்டுமென்றே எழுதினேன்: கேஸ்கட், சல்லி.

"யாரு சொன்ன? கடதாசிக் கேஸ்கட்டக் கொண்டுபோய் உப்புக்காத்துல வெக்கிறதா? அது தோப்பூர்ல!" என்று மட்டையையும் பேனையையும் என் கையிலிருந்து பறித்தார்.

கேள்விக்கு வாய் திறக்காத மனிதருக்குப் பிழையைக் கண்டால் சும்மா இருக்க ஏலாது. பத்து விரலாலும் பிழை விட்டேன். அவர் திட்டித் திட்டித் திருத்தினார். மதியத்துக்குள் மூன்று பிஸ்கட் பெட்டி முடிந்தது.

நடந்தது இதுதான். இராணுவம் பாதையை எப்போது பூட்டும் என்று யாருக்கும் தெரியாது. குச்சவெளியில் ஒரு படகு எஞ்சின் நின்றால், சாமான் வாங்க இங்கே வர பஸ் ஓட வேண்டும். பஸ் ஓடாவிட்டால் அந்தக் குடும்பம் பட்டினி. ஆகவே அதிகம் உடையும் சாமான்களில் கொஞ்சம் கொஞ்சத்தைச் சல்லி, குச்சவெளி, தோப்பூர், கிண்ணியா என்று நம்பிக்கையானவர்களின் வீடுகளில் கொடுத்து வைத்திருக்கிறார். யாரிடம் எத்தனை என்பது அவர் தலைக்குள். வருடக் கணக்கெடுப்புக்கு ஒரு கிழமை முன்னால் எல்லாவற்றையும் பஸ்ஸிலும் சைக்கிளிலும் வரவழைத்துத் தட்டில் அடுக்குவார். அதிகாரி போனதும் திருப்பி அனுப்புவார். என் சிஸ்டமோ சொல்லாமல் கொள்ளாமல் திங்கட்கிழமை எண்ணிவிட்டது. அந்தக் கிழமை வடக்குப் பாதை பூட்டு, திருப்பி வரவழைக்கவும் வழி இல்லை.

"இதை ஏன் நானா என்னட்ட முதலே சொல்லேல்லை?"

"நீங்க பேரையும் ஐ.சி. நம்பரையும் எல்லவா எழுதினீங்க. அதுக்குப் பொறகு மனிசன் என்னத்தச் சொல்லுவான்?"

புதன், வியாழன் இரண்டு நாளும் சிஸ்டத்தை உடைத்துத் திருப்பிக் கட்டினேன். எந்தத் தட்டு என்ற இடத்தில் எந்த ஊர், யாரிடம் என்று வந்தது. நூற்றுப் பன்னிரண்டும் ஒன்றுவிடாமல் பொருந்தியது.

5. வெள்ளிக்கிழமை

வேதநாயகம் ஐயா ஒல்லியான மனிதர். நான் நீட்டிய பட்டியலை நின்றபடியே வாசித்தார்.

"இது களவை மறைக்கக் கட்டின லிஸ்ட், மிஸ். ஊர்ப் பேரைப் போட்டால் சாமான் வந்திடுமோ? சல்லியில ஏழு இம்பெல்லர் எண்டு கிடக்கு. வாரும், போய்ப் பாப்பம். அவர் இங்கயே இருக்கட்டும்."

நானா கதிரையை விட்டு எழும்பவில்லை. வடக்குப் பாதையை அன்று காலைதான் திறந்திருந்தார்கள். நான் ஜீப்பில் ஏறினேன்.

சல்லியில் சாமான்களைப் பொறுப்பாக வைத்திருந்த பூமணி அக்கா வாசலில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தார். இம்பெல்லர் என்றதும் கையைக் கழுவினார், ஆனால் வழி விடவில்லை.

"ஆர் நீங்கள்?"

"தலைமை அலுவலகம்."

"அது எங்க இருக்கு?"

"கொழும்பில."

"கொழும்பில படகு ஓடுறனீங்களோ?"

"இல்லை."

"அப்ப உங்களுக்கு இம்பெல்லர் என்னத்துக்கு?"

நான்தான் நடுவில் புகுந்து, பார்க்க மட்டும்தான் என்று சொன்னேன். பூமணி அக்கா உள்ளே போய் ஒரு தகரப் பேணி கொண்டுவந்தார். ரப்பர் ஒட்டாமல் இருக்கப் பவுடர் பூசி, ஒவ்வொன்றும் துணியில் சுற்றியிருந்தது. ஐயா எண்ணினார். ஐந்து. இன்னொரு தரம் எண்ணினார். ஐந்துதான்.

"ரெண்டு குறையுது," என்றார் என்னைப் பார்த்து. அந்த இரண்டில் நானாவின் இருபத்திரண்டு வருடமும் போகப்போகிறது என்று நினைத்தேன்.

"ஆர் சொன்னது குறையுதெண்டு?" பூமணி அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. கூரைச் சலாகையிலிருந்து ஒரு நூலை இழுத்தார். இதழ் பிய்ந்த இரண்டு பழைய இம்பெல்லர்கள் அதில் கோத்திருந்தன. "உடைஞ்சதைத் தந்தால்தான் புதுசு குடுப்பன். ரெண்டு பேர் வந்தவை, ரெண்டு பழசும் காசும் கிடக்கு. நானாவே வந்து கேட்டாலும் பழசு இல்லாமல் குடுக்கமாட்டன்."

ஐயா உடைந்த இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்கட கொழும்பு ஸ்டோர்ஸில இந்த இருபது வருசத்தில என்னை ஒருத்தரும் இப்பிடி மறிச்சதில்லை," என்றார் ஜீப்பில் திரும்பும்போது.

கம்பனிக்கு வந்ததும் மேசையில் கிடந்த சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய், நானாவின் கையில் கொடுத்தார். அறிக்கையில் அந்த வீடுகளுக்கு உப களஞ்சியம் என்று பெயர் வைத்தார். மாதம் ஒரு பட்டியல் அனுப்பச் சொன்னார். பழைய சாமான் வாங்கிப் புதியது கொடுக்கும் வழக்கத்துக்கு சிஸ்டத்தில் ஓர் இடம் வைக்கும்படி எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். அப்படி ஒன்று இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு முறைகளின் பெயர்கள் எல்லாம் தெரிகிறது. படிப்படியாகப் போவதும் ஒரு முறை, மாதிரியைக் காட்டித் திருத்துவதும் ஒரு முறை. இரண்டாலும் நான் பிறகு வேலை செய்திருக்கிறேன், இரண்டும் நல்லதுதான். என்ன முறை என்பதைவிட, உங்களைக் கண்டால் மனிதர்கள் எவ்வளவு சொல்லத் துணிவார்கள் என்பதை முதலில் பாருங்கள். அவர்கள் சொல்லாமல் விட்டது சிஸ்டத்துக்குள் ஒருநாளும் வராது.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் நானா எனக்கு ஒரு பிளேன்டீ வாங்கித் தந்தார். குடித்து முடித்ததும் மெதுவாகச் சொன்னார்:

"இன்னும் நாலு இடம் இரிக்கு, புள்ள. பழைய எஞ்சின்ல கழட்டின சாமான், அட்டையில ஏறாதது. அது உங்கட மெசினுக்கு வாணாம். எனக்கு ஏதும் ஆனா ஒரு ஆளுக்குத் தெரிஞ்சிரிக்கணும் எண்டுதான் சொல்ற. எங்கயெண்டு சொல்லட்டா?"

பையில் பேனை இருந்தது. நான் அதை வெளியே எடுக்கவில்லை.

"சொல்லுங்கோ நானா," என்றேன்.