துடைக்காத மூக்கு

என் மனைவி கலைமதிக்கு மொரப்பூர் பக்கத்துக் கிராமங்களில் மூக்கு மேடம் என்று பெயர். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குச் சளி பிடித்தால், மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது அவள் வேலை. எந்த வைரஸ் எந்த வயதில் பிள்ளைகளைப் படுத்துகிறது என்று தெரிந்தால்தான் தடுப்பூசியை யாருக்கு, எப்போது போடுவது என்று முடிவெடுக்க முடியுமாம். நல்ல காரியம்தான். அதற்காகக் கல்யாண வீட்டில் மணமக்களை விட்டுவிட்டு, முன்வரிசைக் குழந்தையின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தால் கூட வந்தவன் என்ன செய்வான்?

மழை தொடங்கி, சளியும் தொடங்கி, அவள் உற்சாகமாக இருந்த நேரத்தில் ஆய்வைக் கவனிக்கும் டாக்டர் சந்திரமோகன் போன் செய்தார்.

"நீங்க அனுப்பறதுல சளியே இல்லீங்க மேடம், பவுடர்தான் இருக்கு. இந்த மாசமும் இப்படியே போனா மொரப்பூரை ஆய்வுல இருந்து எடுத்துடுவாங்க."

எடுத்தால் அவள் வேலையும் போய்விடும். ஆனால் அவள் கவலை வேறு. "எங்க ஊர்ப் புள்ளைங்க கணக்குலயே வராம போயிடுமே" என்று புலம்பினாள். சரியாகச் சாப்பிடவில்லை. கோபம் முழுக்க என் மேல் இறங்கியது, நான் என்னவோ பவுடர் கம்பெனி நடத்துவது போல.

எந்த வீட்டுக்கும் முன்கூட்டியே போன் செய்துவிட்டுத்தான் அவள் போவாள். அது மரியாதை. ஒருநாள் ஸ்கூட்டர் பழுதாகி நான் பைக்கில் அழைத்துப்போனேன். அவள் போனில் சார்ஜ் இல்லை. ஆய்வில் பிள்ளையைச் சேர்த்திருந்த பூவிழி என்ற பெண்ணின் வீட்டு வாசலில் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றோம்.

அவளுடைய எட்டு மாதப் பையன் வாசலில் உட்கார்ந்து, ஒழுகும் மூக்கை நாக்கால் ருசி பார்த்துக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் பூவிழி அவனை வாரிக்கொண்டு உள்ளே ஓடினாள். தண்ணீர் ஊற்றும் சத்தம், பவுடர் டப்பாவைத் தட்டும் சத்தம், அழுகை. திரும்பி வந்தபோது பையன் கன்னத்தில் மைப்பொட்டோடு மாப்பிள்ளை மாதிரி இருந்தான். மூக்கு பளபளத்தது.

"மூக்க என்ன பண்ணுன?" என்றாள் கலைமதி.

"துணியத் திரிச்சி வுட்டு சுத்தமா எடுத்துட்டேங்க்கா. வெளியாளு வர்ற நேரத்துல மூக்கு ஒழுவுனா, என்னா புள்ள வளக்கறான்னு கேக்க மாட்டாங்களா? நீங்க போன் பண்ணுனா எல்லா வூட்லயும் இப்படித்தானே பண்றோம்."

நான் சிரித்துவிட்டேன். கலைமதி திரும்பிப் பார்த்தாள், நிறுத்திக்கொண்டேன்.

"அந்தச் சளியிலதான்டி வைரஸ் இருக்கு. நீ அதத் தொடைச்சிட்டு எனக்குப் பவுடரத் தர்ற. அடுத்த தடவ ஒழுவ வுடு."

பூவிழியின் முகம் செத்துப்போயிற்று. எனக்குப் பாவமாக இருந்தது. போன வருடம்தான் அந்த வீட்டுக்கு வந்த மருமகள். பிள்ளையைச் சுத்தமாக வைத்திருக்கிறாள் என்பது ஒன்றுதான் அங்கே அவள் சம்பாதித்திருந்த நல்ல பெயர். அதையும் தூக்கிக் கொடு என்கிறாள் இவள்.

மாதம் முடியப்போகும் சமயம் ஒரு காலையில் பூவிழியே போன் செய்தாள்.

"அக்கா, மறுபடி சளிங்க்கா. நான் தொடைக்கல. மாமியா முந்தானைய எடுத்துக்கிட்டு ரெண்டு தடவ வந்துட்டாங்க, கையப் புடிச்சிக்கிட்டேன். சீக்கிரம் வாங்க, ரொம்ப நேரம் தாங்காது."

கலைமதி தலைகூடச் சீவாமல் பைக்கில் ஏறினாள்.

அங்கே மாமியார் தங்கம்மாள் ஒரு பக்கம், அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரு பக்கம் முறைத்துக்கொண்டு நிற்க, நடுவில் பூவிழி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பையன், உதடு வரை சளி.

"புள்ளையப் பாக்கத் தெரியாதவன்னு பேசிட்டாங்கக்கா" என்றாள் மெல்ல.

குச்சி உள்ளே போய் வெளியே வந்தது. கலைமதி அதைப் பெட்டியில் வைத்து மூடும்வரை பூவிழி அசையவில்லை.

"இப்பத் தொடைக்கலாமாக்கா?"

"தொடைச்சிக்கோ கண்ணு" என்று என் மனைவி தன் முந்தானையையே நீட்டினாள்.