செம்புத் தகட்டின் பச்சைப் பொறி

எங்கள் ஆய்வுக்கூடத்தின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மோதிரம், கடிகாரம், வளையல், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பளபளப்பான எதில் பட்டாலும் லேசர் ஒளி திரும்பும். எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. மலேசியாவில் காஜாங் பக்கம் இருந்த அந்தக் கூடத்தில் நான் ஆராய்ச்சி மாணவி. அந்தத் தாளைத் தட்டச்சு செய்து ஒட்டியவளே நான்தான்.

கல்யாணமாகி மூன்றாவது வாரம் வேலைக்குத் திரும்பினேன். கிள்ளானில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது மாமியார் சொன்னார்: "என்னத்த வேணும்னாலும் கழட்டு, தாலிய மட்டும் கழட்டாதம்மா." அவரைக் குறை சொல்லி என்ன பயன்? கழற்ற எனக்கே மனம் வரவில்லை. பிளாஸ்மாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவள், கழுத்து வெறுமையானால் கணவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். வளையலையும் மோதிரத்தையும் பெட்டியில் போட்டேன். தாலியைச் சட்டைக்குள் தள்ளி மேல் பொத்தானை மாட்டிக்கொண்டேன்.

செம்புத் தகட்டின் மேல் லேசர் துடிப்புகளை அடிப்பதுதான் எங்கள் வேலை. ஒரு துடிப்பு, ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே இருக்கும். அதற்குள் பட்ட இடத்துச் செம்பு உருகி ஆவியாகிவிடும். ஆவியில் பிரிந்த எலெக்ட்ரான்கள் மிச்ச ஒளியை விழுங்கி, அணுக்களை மோதி, மேலும் எலெக்ட்ரான்களைப் பிரிக்கும். அப்படிப் பிறப்பதுதான் பிளாஸ்மா. அது சுற்றியுள்ள காற்றைத் தள்ளும்போது 'சட்' என்று சத்தம் வரும். லென்ஸ் ஒளியைத் தகட்டுக்கு முன்னாலேயே குவித்துவிட்டால் காற்றே பற்றிக்கொள்ளும். செம்பை அளப்பதாக நினைத்துக் காற்றை அளந்துகொண்டிருப்போம். அதனால் லேசர் ஓடும்போதே தகட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, சத்தம் கூர்மையாகும் இடத்தைக் காதால் பிடிப்போம். எங்கள் லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரிவது பொறி மட்டும்தான்.

லேசரைப் பார்த்துக்கொண்ட தொழில்நுட்பர் பக்கத்து ஊரான செமினியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். தமிழர்தான், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அன்று மத்தியானம் அவர் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தார். நான் தகட்டின் பக்கம் காதைச் சாய்த்து, அதை நகர்த்தும் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தேன். சத்தம் கூர்மையானது. பொறி இளம்பச்சையாக எழுந்தது.

"அண்ணே, இங்க பாருங்க, நல்லா பச்சையா வருது!"

பாதுகாப்புக் கண்ணாடி போட்டால் அந்தப் பச்சை மங்கித் தெரியும். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். ஒரு விநாடிதானே என்று நாங்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது. நானும் இன்னும் கொஞ்சம் குனிந்தேன். மேல் பொத்தான் எப்போது அவிழ்ந்ததோ தெரியாது. தாலி வெளியே விழுந்து லென்ஸுக்கு முன்னால் ஒருமுறை ஆடியது. சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"ஐயோ," என்றார் அவர். "கண்ணுக்குள்ள கருப்பா என்னமோ நிக்குது லா."

வலது கண்ணின் விழித்திரை நடுவில் கருகிவிட்டது, பார்வை திரும்பாது என்று மருத்துவர் சொன்னார். விபத்துப் படிவத்தில், 'கண்ணாடி அணியவில்லை' என்று காரணம் எழுதினார்கள். சாட்சி நான். வேறு ஏதாவது உண்டா என்று பொறுப்பாளர் மலாயில் கேட்டார். இல்லை என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, கையெழுத்தும் போட்டேன். அண்ணனிடமிருந்து லேசர் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு அவரை ஸ்டோருக்கு அனுப்பினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அதன் பிறகு தினமும் தாலியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். கணவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குப் போகும் வழியில் பிரிக்பீல்ட்ஸில் இறங்கிக் கோவிலில் அண்ணன் பேருக்கு அர்ச்சனை செய்தேன். அவர் நட்சத்திரம்கூட எனக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய ஆளை விட்டுவிட்டுச் சாமியிடம் சொல்வது எவ்வளவு சுலபம்! என்னை நினைத்தாலே எனக்கு எரிச்சலாக இருந்தது.

நாலு மாதம் கழித்துச் செம்புத் தகடு தீர்ந்துபோனது. ஸ்டோருக்கு நான்தான் போக வேண்டியிருந்தது. எண்ணிக்கை எழுத மறந்து நான் நீட்டிய சீட்டை அவர் வாங்கி இடது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, அன்னிக்கு என் தாலி வெளிய வந்துருச்சு. அதுல பட்டுத்தான்..."

"தெரியும்மா," என்றார். "மின்னுச்சு. இந்தக் கண்ணு கடைசியா தெளிவா பாத்தது அதத்தான்."

"அப்புறம் ஏண்ணே யார்கிட்டயும் சொல்லல?"

"நீயே சொல்லுவன்னு இருந்தேன். என் சாவிய வாங்கிக்கிட்டப்போ நீ பக்கத்துலதானே நின்ன."

அவர் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன். இடது கண்ணில் நான் படும்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்:

"எத்தன தகடு வேணும், சொல்லு."