கேட்கவில்லை என்று எழுதியவர்

பென்னாகரத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்காக வண்டியிலிருந்து ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தோம். ரெஜினாவிடமிருந்து போன் வந்தது. அருள்தாஸின் மனைவி. மைக் சோதனைச் சத்தத்தில் ஒன்றும் புரியாமல் மண்டபத்துக்குப் பின்னால் நடந்து போய், "சொல்லும்மா" என்றேன்.

"அவரு போயிட்டாருங்கண்ணா. டூட்டிக்குக் கெளம்பறேன்னு எந்திரிச்சாரு, அப்படியே செவுத்துல சாஞ்சிட்டாரு. ஆஸ்பத்திரி போற வழியிலயே முடிஞ்சிருச்சுங்க."

இசைக்குழுவினரிடம் சொல்லிவிட்டு மொரப்பூருக்குப் பஸ் ஏறினேன். அன்று மாலைக் கச்சேரி கிட்டார் இல்லாமலே நடந்ததாம்.

நம் கிட்டார் வாட்ஸப் குழுவில் இருக்கும் பலர் அருள்தாஸை நேரில் பார்த்ததில்லை. மொரப்பூர் ஸ்டேஷனில் சிக்னல் பராமரிப்பு வேலை. எந்த இசைக்குழுவிலும் வாசித்ததில்லை. என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் கடைசிவரை இருவரும் 'ங்க' போட்டுத்தான் பேசிக்கொண்டோம்.

நான் அவரைச் சந்தித்தது கடத்தூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில். மேடை முழுக்கச் சீரியல் விளக்குகள். என் கிட்டார் வண்டுபோல இரைந்துகொண்டிருந்தது. பாட்டுக்கு நடுவே ஒருவர் மேடை ஓரம் வந்து, "அண்ணா, ஒத்தச் சுருள் பிக்கப்பு அது. கரண்டு இரைச்சல இழுக்கும். கொஞ்சம் கெழக்கப் பாத்து நில்லுங்க" என்றார், கம்பிகளுக்கு அடியில் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருளைக் காட்டி. திரும்பி நின்றேன். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. நிகழ்ச்சி முழுக்கக் கூட்டத்துக்குத் தோளைக் காட்டிக்கொண்டே வாசித்தேன்.

அதன் பிறகுதான் அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூடு இல்லாமல் ஒரே கட்டையில் செய்த எலக்ட்ரிக் கிட்டார்கள் நான்கு சுவரில் தொங்கின. பாதி இரவல். ஒரே வடிவக் கிட்டாரைக் கம்பெனிகள் நான்கைந்து வகையாக விற்கின்றன. ஒன்றில் மூன்று ஒற்றைச் சுருள் பிக்கப். இன்னொன்றில் இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள். ஒன்றில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் அசையாது. இன்னொன்றில் நெம்புகோலைப் பிடித்து ஆட்டினால் சுரம் நடுங்கும் பிரிட்ஜ். எது யாருக்குப் பொருந்தும் என்று கடைக்காரர் சொல்வதில்லை. அருள்தாஸ் சொன்னார். எல்லாவற்றுக்கும் ஒரே வகைப் புதுக் கம்பி மாட்டி, பிக்கப்பின் உயரத்தை ஸ்கேல் வைத்துச் சமமாக்கி, ஒரே ஸ்பீக்கர் பெட்டியில் வாசித்துப் பார்த்து, தமிழில் எழுதிக் குழுவில் போடுவார். "பழைய கம்பியோட ஒப்பிட்டா கிட்டார ஒப்பிடலைங்க, துருவ ஒப்பிடறோம்" என்பார். அவர் எழுத்தைப் படித்துவிட்டுத்தான் சேலத்திலும் திருப்பத்தூரிலும் பலர் கடைக்குப் போனார்கள்.

மூன்று வருடம் முன்பு ஒரு மாடலின் இரண்டு வகைகளை ஒப்பிட்டு எழுதினார். வித்தியாசம் பிக்கப்பின் காந்தத்தில் மட்டும்தான். 'ஒலியில் வேறுபாடு இல்லை, விலை குறைந்ததையே வாங்கலாம்' என்று முடித்திருந்தார். ஒன்றரை வருடம் கழித்து அந்த இரண்டையும் அவர் வீட்டில் நானும் வாசித்தேன். விலை குறைந்தது காதைக் கீறியது. சொன்னேன்.

"உங்களுக்கு மனசுல அப்படித் தோணுதுங்கண்ணா. வெல கம்மின்னு தெரிஞ்சதால."

"அருள், தகரத்துல ஆணியால இழுக்கற மாதிரி இருக்குதுங்க."

அவர் முகம் மாறியது. வாசல் கதவுக்கு ஒரு போர்வையைக் கட்டி, என்னை மறுபக்கம் உட்காரச் சொன்னார். இருபது முறை, எந்தக் கிட்டார் என்று சொல்லாமல் நான் வாசிக்க வேண்டும். அது எது என்று அவர் எழுத வேண்டும். வாசித்தேன். பதினொன்று சரி, ஒன்பது தப்பு. நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். பிறகு ரெஜினாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கிட்டாரைத் தொட்டுக்கூடப் பார்க்காத அந்தப் பெண் இருபதில் பத்தொன்பது சரியாகச் சொன்னார். அருள்தாஸ் அந்தத் தாளை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சேலத்தில் காதைப் பரிசோதித்ததில் கீச்சு ஒலிகள் அவருக்கு இரண்டு காதிலும் போய்விட்டிருந்தன. பேச்சு கேட்கும், ரயில் கேட்கும். அதனால் தெரியாமலே போயிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் குழுவில் எழுதினார்: 'எனக்கு உயர்ந்த ஒலிகள் கேட்பதில்லை. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. கடைசி இரண்டு வருடம் ஒலி பற்றி நான் எழுதியவற்றை நம்ப வேண்டாம்.' அதை எழுத வேண்டாம் என்று நான் தடுத்தேன். இத்தனை வருடம் சேர்த்த பெயர் போய்விடும் என்றேன். "பேரு எனக்குங்கண்ணா. கிட்டாரு அவங்க கையிலதான இருக்குது" என்றார்.

அதோடு விடவில்லை. அவர் பேச்சைக் கேட்டு வாங்கியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தார். ஏரியூரில் சுமதி என்ற நர்ஸ் சர்ச்சில் வாசிப்பதற்காக அந்த விலை குறைந்த வகையைத்தான் வாங்கியிருந்தார். நானும் கூடப் போனேன். அருள்தாஸ் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் உள்ளே போய்க் கிட்டாரை எடுத்து வந்து எங்கள் முன் வைத்தார்.

"கீச்சு கேக்காம இருக்க டோன் நாப முழுசாக் கொறச்சி வெச்சித்தான் சார் ஒரு வருசமா வாசிச்சேன். என் கையிதான் சரியில்லைன்னு நெனச்சேன். ஈஸ்டருக்கு அப்புறம் வாசிக்கறதையே வுட்டுட்டேன்."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அருள்தாஸும் கேட்கவில்லை. தன் சொந்தக் கிட்டாரிலிருந்து கழற்றிய பிக்கப்புகளைப் பையில் கொண்டுவந்திருந்தார். அவற்றை அங்கேயே உட்கார்ந்து சுமதியின் கிட்டாரில் பற்றவைத்தார். உயரத்தை ஒவ்வொரு திருகாகத் திருப்பி, "இப்ப எப்படி இருக்குதும்மா?" என்று கேட்டார். "இன்னும் கொஞ்சம் கீழ, சார்" என்றால் இறக்கினார். "போதும்" என்றதும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். தன் காதால் ஒருமுறைகூட முடிவு சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "அந்தப் பொண்ணு ஒரு வருசம் தன் கைய நொந்துக்கிச்சுங்கண்ணா" என்றார்.

அதற்குப் பிறகும் எழுதினார். பிரிட்ஜின் பிடிமானம், கம்பியை முறுக்கும் ட்யூனிங் கீ நழுவுகிறதா, கழுத்தில் பதித்த ஃப்ரெட் கம்பியின் விளிம்பு விரலைக் கிழிக்கிறதா என்று கையும் கண்ணும் அளக்கக்கூடியவற்றை மட்டும் தன் பெயரில் எழுதினார். ஒலி பற்றிய இடத்தில் 'கேட்டவர்: சுமதி' என்றோ, என் பெயர் போட்டு 'கேட்டவர்: சேகர்' என்றோ இருக்கும். சிலர் கேலி செய்தார்கள். காது கேட்காதவன் கிட்டாருக்குத் தீர்ப்பு சொல்கிறான் என்று ஒருவர் எழுதினார். 'ஆமாம், அதனால்தான் மூன்று பேரைக் கேட்க வைக்கிறேன்' என்று பதில் போட்டார். அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று ரெஜினா பிறகு சொன்னார்.

அடக்கத்துக்குச் சுமதி வந்திருந்தார். மருத்துவமனை உடையிலேயே வந்து, மண் போட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் அடுத்த பஸ்ஸுக்குப் போனார்.

ஒப்பீடுகளை இனி நான் தொடர வேண்டும் என்று உங்களில் பலர் கேட்டீர்கள். போன வாரம் சேலத்துக்குப் போய்க் காதைப் பரிசோதித்துக்கொண்டேன். வலது காது பரவாயில்லை. இடது காதில் கீச்சு ஒலி குறைய ஆரம்பித்திருக்கிறது. அருள்தாஸிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது இதுதான்: நான் எழுதப்போகும் முதல் ஒப்பீட்டின் முதல் வரியில், கிட்டாரின் பெயருக்கும் முன்னால், என் இடது காதைப் பற்றி இருக்கும்.