கதவு எண் இல்லாத வீடு

வேங்கிக்காலில் காப்பீட்டு ஏஜென்ட் செல்வியின் கடையில் உட்கார்ந்திருக்கிறோம். ஐம்பது வயதுக்கு முன்பே வேலையை விட்டு, வீட்டையும் விற்றுவிட்டு, நானும் கணவரும் வேனிலேயே குடியிருக்கிறோம். வேலையோடு மருத்துவக் காப்பீடும் போய்விட்டது. போன வாரம் அவருக்கு நெஞ்சு வலித்தது. வெறும் வாயுதான் என்றார் டாக்டர். அன்றிலிருந்து எனக்குத்தான் தூக்கமில்லை.

“நிரந்தர முகவரி சொல்லுங்கம்மா” என்கிறார் செல்வி.

“வாசல்ல நிக்குதே, அந்த வேன்தாங்க.”

“வண்டி நம்பரெல்லாம் கம்ப்யூட்டர் எடுத்துக்காதும்மா. கதவு நம்பர் வேணும்.”

இதையே மூன்று ஊர்களில் கேட்டாயிற்று. “கதவு இருக்குங்க! நாலு கதவு இருக்கு!” என்று கத்திவிடுகிறேன். கணவர் என் கையை அழுத்துகிறார்.

செல்வி கோபப்படவில்லை. வெளியே போய் வேனுக்குள் அடுப்பையும் கட்டிலையும் கொடியில் காயும் என் புடவையையும் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்.

“அடி அண்ணாமலைல எங்க நாத்தனார் வீட்டு மாடி ரூம் காலியா இருக்கு. வாடகை கம்மிதான். அக்ரிமென்ட் போட்டுட்டு வாங்க, இன்னைக்கே அப்ளிகேஷனை அனுப்பிடறேன்.”

வீடே வேண்டாம் என்று கிளம்பிய நாங்கள் அரை மணி நேரத்தில் அந்த மாடிப்படி ஏறுகிறோம். செல்வியின் நாத்தனார் சிரித்துக்கொண்டே சாவியை நீட்டுகிறார்.

“என்னைக்குங்க பால் காய்ச்சப் போறீங்க?”